சிறிய குழுவுக்கு எந்த மைக் செட்?

நான்கைந்து பேர் கொண்ட இன்னிசைக் குழு சொந்தமாக மைக் செட் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது “எத்தனை வாட் பார்க்கிறீங்க?” என்றுதான். அங்கிருந்து தொடங்குவதால்தான் பல குழுக்கள் தூக்க முடியாத பெட்டியை வாங்கி வீட்டில் அடுக்கிவைக்கின்றன, அல்லது தூக்க வசதியாக ஒன்றை வாங்கி முதல் கச்சேரியிலேயே பாடகரின் குரலைத் தொலைக்கின்றன. முதலில் கேட்க வேண்டியது வேறு. உங்கள் குழுவில் எந்தெந்த வாத்தியத்துக்கு இயல்பாகவே சத்தம் உண்டு, எது மின்சாரம் இல்லாவிட்டால் ஊமை? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வாட், அங்குலம், கிலோ எல்லாம் தன்னால் முடிவாகிவிடும். திண்டுக்கல் வட்டாரத்தை வைத்து இந்தக் கேள்வியை முழுதாகப் பார்க்கலாம்.

இங்கே சிறிய குழுவுக்குப் பிழைப்பு பெரிய மேடையில் இல்லை. மாசியில் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழாவும் நத்தம் மாரியம்மன் பூக்குழித் திருவிழாவும், ஆகஸ்டில் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவும் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ப்பவை. அங்கெல்லாம் லாரியில் பெட்டி இறக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் ராஜ்ஜியம். சிறிய குழுவுக்கு வருவது வத்தலக்குண்டு பக்கம் ஒரு காதுகுத்து, சின்னாளபட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு, வேடசந்தூர் பக்கம் ஒரு தெருக்கோயில் கும்பாபிஷேகம், பங்குச் சர்ச் விழா, பள்ளி ஆண்டு விழா. கேட்பவர்கள் நூறு பேரிலிருந்து நானூறு பேருக்குள். மேடை என்பது பல நேரங்களில் சாமியானாவுக்கு அடியில் போட்ட நான்கு பெஞ்சுதான். சம்பளமும் அதற்கேற்றதே. ‘குட்டி யானை’ வாடகையும் ஏற்றி இறக்கும் இரண்டு ஆட்களின் கூலியும் போனால் பாடியவர் கையில் நிற்பது கொஞ்சம். ஒவ்வொரு கிலோவும் காசாகக் கழியும் இடத்தில் எடை குறைந்த மைக் செட் வேண்டும் என்பது வயிற்றுப்பாட்டுக் கணக்கு.

முந்தைய தலைமுறை இந்தக் கணக்கை நன்றாகவே போட்டது. நம் ஊர்களுக்கு முதலில் வந்த கையடக்க ஒலிச் சாதனம், இன்று எல்லோரும் திட்டும் அந்தக் குழாய்தான். ‘ரேடியோ செட்காரர்’ சைக்கிள் கேரியரில் இரண்டு குழாயையும் ஒரு ஆம்ப்ளிஃபையரையும் ஒரு கார் பேட்டரியையும் கட்டிக்கொண்டு எந்தக் குக்கிராமத்துக்கும் போனார். டெல்லியில் 1940இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர்கள் தமிழ்நாட்டு மைக் செட் கடைகளில் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு, 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடக்கூடிய மாடல்கள் அதில் இருந்தது முக்கியமான காரணம். கரண்ட் இல்லாத ஊரிலும் பாட்டு கேட்டது. குழாயின் கூம்பு வடிவம் காற்றோடு நன்றாகப் பொருந்துவதால், கொடுக்கும் மின்சாரத்தில் சாதாரணப் பெட்டியைவிடப் பல மடங்கு கூடுதலான பங்கைச் சத்தமாக மாற்றிவிடும். அதே ஒரு வாட்டில் சாதாரணப் பெட்டியைவிட ஏறக்குறைய 10 டெசிபல் கூடுதலாகக் கத்தும். பத்து டெசிபல் என்றால் காதுக்கு இரு மடங்கு. அந்தப் பத்தைப் பெட்டியில் எட்ட மின்சாரம் பத்து மடங்கு வேண்டும். ஆனால் குழாய்க்கு அடித்தொனியும் கிடையாது, உச்சத்தொனியும் கிடையாது. பேச்சு புரியும் நடுப்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு அதை ஊர் எல்லைவரை எறியும். 1960களில் பாவலர் வரதராசனும் தம்பிகளும் கட்சி மேடைகளில் பாடிச் சுற்றிய காலத்தில் கூட்டம் கேட்டதெல்லாம் இத்தகைய குழாய்களின் வழியேதான் இருந்திருக்க வேண்டும். சொல் கூட்டத்துக்குச் சேர்ந்தது. அந்த மேடைக்கு அது போதுமாகவும் இருந்தது.

இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. காவல் நிலையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டுமே என்ற நிபந்தனை வந்துவிடுகிறது. அடுத்தடுத்த வீட்டுக் குழந்தைகளையும் நோயாளிகளையும் நினைத்தால் அது நியாயமானதும்கூட. ஆக, குழாய் தந்த எளிமையைப் பெட்டியில் திரும்பப் பெறுவது எப்படி என்பதுதான் இப்போதைய சிக்கல்.

பெட்டி பல ஆண்டுகள் பாரமாகவே இருந்தது. தடித்த பிளைவுட், 15 அங்குல ஸ்பீக்கர், அதன் முதுகில் ஃபெரைட் காந்தம் என்று ஒரு பெட்டி 40 கிலோவைத் தொடும். ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தனிக் கனம். இந்தப் பாரத்தை இறக்கியவை மூன்று. 1980களின் முதற்பாதியில் ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம் காந்தம், அதே வலிமையைச் சிறு துண்டில் தந்தது. ‘கிளாஸ் டி’ ஆம்ப்ளிஃபையர் வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்தை நெருங்கும் அளவு ஸ்பீக்கருக்கே அனுப்புவதால் கனத்த ஹீட் சிங்க் தேவையில்லாமல் போனது. எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கி பெரிய டிரான்ஸ்ஃபார்மரை அப்புறப்படுத்தியது. பிளைவுட் இடத்தில் பிளாஸ்டிக் வந்து சேர, ஆம்ப் உள்ளேயே அடங்கிய ‘ஆக்டிவ்’ பெட்டிகள் பிறந்தன. யமஹாவின் டிபிஆர்10 என்ற 10 அங்குலப் பெட்டி 10.5 கிலோதான். 12 அங்குல டிபிஆர்12 பெட்டிக்கு 15.8 கிலோ. இந்த 5 கிலோ வித்தியாசம் கடையில் சின்னதாகத் தெரியும். ஆளுயர ஸ்டாண்டின் முனையில் இருக்கும் 35 மில்லிமீட்டர் குழாயில் பெட்டியின் அடித்துளையைப் பார்க்காமலே பொருத்த வேண்டிய நேரத்தில் அது பெரியதாகிவிடும். பத்து கிலோவை ஒருவர் தலைக்கு மேல் தூக்கி, தடவிப் பொருத்திவிடுவார். பதினாறு கிலோவுக்கு ஒருவர் தூக்க, இன்னொருவர் ஸ்டாண்டைப் பிடிக்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் டோலக்காரர்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். திண்டுக்கல் சமவெளியில் இருவகைக் குழுக்கள் உண்டு. முதல் வகை தோல் வாத்தியக் குழு: பறை, உறுமி, தவில், டோலக்கு, கூட ஒரு ஹார்மோனியம், இரண்டு பாடகர்கள். நாட்டுப்புறப் பாட்டுக் குழுவும் ஸ்பெஷல் நாடகத்தின் பின்பாட்டும் இந்த ரகம். பறையையும் தவிலையும் பக்கத்தில் நின்று கேட்டால் 100 டெசிபலுக்குக் குறையாது. சாதாரணப் பேச்சுக் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் 60. இருநூறு பேர் கூட்டத்தில் தவிலுக்கு மைக் வைப்பது வீண் வேலை. இந்தக் குழுவில் மைக் செட்டுக்கு உள்ள ஒரே வேலை, குரலையும் ஹார்மோனியத்தையும் மேளத்தின் மட்டத்துக்கு உயர்த்துவது. அதற்கு ஆழமான பேஸ் தேவையே இல்லை. 10 அங்குலம் தாராளம், நல்ல 8 அங்குலம்கூடப் போதும்.

இரண்டாவது வகை கீபோர்டு–பேட் குழு. சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு பழகிய பிள்ளைகளும், ரோலண்ட் ஆக்டபேடில் இரண்டு குச்சியோடு முழு ட்ரம்ஸையும் தவிலையும் பம்பையையும் எழுப்பும் பையன்களும் சேர்ந்தது. பார்வைக்கு இதுதான் எளிய குழு. எல்லா வாத்தியமும் ஒரு ஆட்டோவில் போய்விடும். ஆனால் அந்தப் பேட் ரப்பர் தட்டு. மின்சாரம் இல்லாவிட்டால் அதில் வருவது ‘தட் தட்’ மட்டும். மேடையில் கேட்கும் அத்தனை அதிர்வையும் பெட்டிதான் உண்டாக்கியாக வேண்டும். இங்கே இயற்பியல் ஒரு கறாரான கணக்கை நீட்டுகிறது. தொனி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பெட்டி சிறியதாகவும், பேஸ் ஆழமாகவும், சத்தம் பெரியதாகவும் இருக்க வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் கிடைக்காது, இரண்டைத்தான் பெறலாம். விளம்பரம் என்ன சொன்னாலும் இது மாறாது. எனவே பேட் குழுவுக்கு 12 அங்குலப் பெட்டி இரண்டும், கையில் காசு இருந்தால் தரையில் வைக்கும் ஒரு சிறிய பேஸ் பெட்டியும் தேவைப்படும். எடை கூடத்தான் செய்யும். வாத்தியத்தில் மிச்சம் பிடித்த கனத்தைப் பெட்டியில் சுமக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், நான்கு பேர் பேட் குழு பேட்டோடு ஒரு உண்மையான டோலக்கையோ தபேலாவையோ சேர்த்துக்கொள்வது நல்லது. பாட்டுக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது.

எவ்வளவு சத்தம் போதும் என்பதற்குச் சட்டமே ஓர் அளவுகோல் தருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவுக்கு 45. ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் கூடவே கூடாது. திருவிழா போன்ற நாட்களுக்கு நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாமல். உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலையில் இந்த நேரக் கட்டுப்பாட்டை அழுத்தமாக உறுதிசெய்தது. ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும் ஊர்க்காரர்களுக்கு இந்த நிபந்தனைகள் மனப்பாடம்.

இதைப் பெட்டிக் கணக்காக மாற்றிப் பாருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 105 டெசிபல் என்றால் 2 மீட்டரில் 99, 4இல் 93, 8இல் 87, 16இல் 81, 32 மீட்டரில் 75. அதாவது மேடையிலிருந்து நூறடி தள்ளி எல்லை இருந்தால், சட்டம் எங்குமே அனுமதிக்கும் உச்சபட்சத்தை எட்ட, பெட்டியின் முன்னால் 105 டெசிபல் போதும். குடியிருப்புத் தெருவில் எல்லைக்கு 65 என்பதால் 95 போதும். மேலே சொன்ன 10 அங்குலப் பெட்டிக்கு அதன் நிறுவனம் தரும் உச்ச அளவு 129. அது கணநேர உச்சம்தான். தொடர்ந்து பாடும் அளவுக்கு அதில் 12 டெசிபலைக் கழித்தாலும் 117 நிற்கிறது. தெருக்கச்சேரிக்கு வேண்டியதைவிட அது மிக அதிகம். ‘ஐயாயிரம் வாட்’ என்று பெட்டியின் முகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல், காது அதை மெல்லிய வித்தியாசமாகத்தான் உணரும்.

சந்தையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். பேட்டரிப் பெட்டிகள் மிக எளியவை. போஸ் எஸ்1 புரோ சுமார் 7 கிலோ, ஒரு முறை சார்ஜ் செய்தால் 11 மணி நேரம்வரை என்கிறது நிறுவனம். மைக்கோ வாத்தியமோ செருக இரண்டு வழிகள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் காவடிக் கூட்டத்துக்கும், மார்கழி பஜனைக்கும், தெருமுனைப் பாட்டுக்கும் இதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஐந்து பேர் குழுவுக்கு இரண்டு வழிகள் காணாது, தனியாக மிக்சர் வேண்டும். உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் டிராலி ஸ்பீக்கர்கள் வேறு ஜாதி. சினிமாப் பாட்டை அதிரவைக்கச் செய்தவை அவை, குரலை மூழ்கடிக்கும். புளூடூத் மைக்கோடு வருபவற்றை வாசிப்புக்கு நினைக்கவே கூடாது. கையடிக்கும் ஒலிக்கும் நடுவே விழும் சின்னத் தாமதம் தாளத்தைக் கெடுத்துவிடும்.

பெட்டியும் மிக்சரும் ஒரே தொகுப்பாக வரும் வகையும் உண்டு. யமஹா ஸ்டேஜ்பாஸ் 400பிடி இரண்டு 8 அங்குலப் பெட்டியும் மிக்சருமாகச் சேர்ந்து சுமார் 18 கிலோ. தோல் வாத்தியக் குழுவுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த ரகத்தைத்தான். இரண்டு பைக்கில் போய்விடும். இன்னொன்று தூண் வகை. 2003இல் போஸ் எல்1 தொடங்கிவைத்த வடிவம் இது: ஒல்லியான தூணில் சிறு ஸ்பீக்கர்கள் வரிசையாக, அடியில் ஒரு பேஸ் பெட்டி. ஒலி பக்கவாட்டில் விரியும், மேலும் கீழும் சிதறாது. சுவரெல்லாம் டைல்ஸும் கூரையெல்லாம் தகடுமான நம் கல்யாண மண்டபங்களில் அது பெரிய வரம். கூரையில் பட்டு எதிரொலிக்கும் சத்தம் குறைவதால் சொல் தெளிவாக விழும். விலைதான் கைக்கு எட்டாத உயரம். திறந்தவெளியில் பேட் அடிக்கும் குழுவுக்குச் சிறிய தூண் தாங்கவும் தாங்காது.

பழைய வழியான தனி ஆம்ப், தனிப் பெட்டி என்பதை அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். ஆக்டிவ் பெட்டியின் குறை, அது கெடும்போதுதான் தெரியும். சாதாரண ஸ்பீக்கரின் காயில் எரிந்தால் ஊர்க் கடையில் காயிலையும் கோனையும் மாற்றி மறுநாள் தந்துவிடுவார்கள். பழைய ஆம்பில் டிரான்சிஸ்டர் போனால் அன்று மாலையே சரியாகும். எஸ்எம்பிஎஸ், ஒலியைச் சீர்படுத்தும் டிஎஸ்பி எல்லாம் ஒரே பலகையில் பொடிப்பொடியாக ஒட்டிய பெட்டியில் பலகையையே மாற்றச் சொல்வார்கள், அது எங்கிருந்தோ வர வேண்டும். முகூர்த்தம் காத்திருக்காது. ஆகவே ஆக்டிவ் வாங்கினால் ஒரே மாதிரி இரண்டு வாங்க வேண்டும். ஒன்று படுத்தாலும் மற்றது ஒற்றையாகக் கச்சேரியை முடித்துவைக்கும். பேட் குழுக்களுக்கு என் யோசனை: கிளாஸ் டி ஆம்ப் ஒன்றும், நியோடிமியம் ஸ்பீக்கர் போட்ட ஆம்ப் இல்லாத 12 அங்குலப் பெட்டி இரண்டும். மொத்த எடையில் பெரிய வித்தியாசம் வராது, பழுதும் பிரிந்து நிற்கும்.

பெட்டிக்குச் செலவழித்துவிட்டு மைக்கில் கஞ்சத்தனம் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மண்டபத்தில் மைக் ‘ஊய்ங்’ என்று கத்தும்போது எல்லோரும் பெட்டியைத் திட்டுகிறார்கள். உண்மையில் பெட்டியிலிருந்து வந்த சத்தம் மைக்கில் நுழைந்து மீண்டும் பெட்டிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி வளர்கிறது. 1966இலிருந்து புழக்கத்தில் இருக்கும் ஷ்யூர் எஸ்எம்58 போன்ற மைக் முன்பக்கம் கேட்கும், முதுகுப் பக்கம் ஏறக்குறையச் செவிடு. அதனால் பாடகருக்கான மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேரே தரையில் வைக்க வேண்டும். நம் பாடகர்கள் பலர் உச்சத்தில் பாடும்போது மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். பார்க்க உருக்கமாக இருக்கும். அந்தக் கணமே மைக்கின் செவிட்டுப் பக்கம் அடைபட்டு, அது எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிவிடும், கூச்சல் கிளம்பும். கையைக் கழுத்துக்கு இறக்கினால் நின்றுவிடும். உதட்டுக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கிறது. மின்சாரக் கணக்கில் அது ஆம்பை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் கூச்சல் வருவதற்கு முன் இன்னொரு 3 டெசிபல் ஏற்றலாம். பாடாதவரின் மைக்கை அணைத்து வைக்கும் பழக்கத்துக்குக் காசு செலவில்லை.

எக்கோ பற்றியும் சொல்ல வேண்டும். அம்மன் பாட்டுக்கும் நாடக வசனத்துக்கும் நம் காது எக்கோ கேட்டுப் பழகிவிட்டது. திறந்தவெளியில் கொஞ்சம் வைத்தால் குரலுக்கு அழகு. டைல்ஸ் மண்டபம் தானே எதிரொலிக்கும், அங்கே எக்கோவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுத்தான் பாட வேண்டும்.

கம்பியில்லா மைக் பழையதாக வாங்குபவர்கள் அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள். 2022 ஏலத்துக்குப் பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5ஜி ஓடுகிறது. அந்தப் பட்டையில் இயங்கும் பழைய மைக்கை மலிவு என்று வாங்கினால், பாட்டின் நடுவே கரகரப்பு வரும்.

வெயிலும் காற்றும் மின்சாரமும் இந்த ஊருக்கே உரிய சோதனைகள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கத்தில் ஸ்டாண்டோடு பெட்டியைச் சாய்த்துவிடும். ஸ்டாண்டின் மூன்று காலையும் முழுதாக விரித்து, ஒவ்வொன்றின் மேலும் மணல் நிரப்பிய சாக்கு வைப்பதும் மைக்கின் மேல் ஸ்பாஞ்சுத் தொப்பி மாட்டுவதும் கட்டாயம். எடை குறைந்த பெட்டி சீக்கிரம் சாயும் என்பதையும் மறக்கக் கூடாது. கோயில் பக்கத்து வீட்டிலிருந்து நீளமான ஒயரில் இழுத்த மின்சாரம், சீரியல் பல்பு எல்லாம் எரியத் தொடங்கியதும் 230 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கிவிடும். 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும் எஸ்எம்பிஎஸ் உள்ள பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. வாங்கும்போது பெட்டியின் முதுகில் இந்த எண்கள் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லாத பிளக்கில் ‘ம்ம்’ என்று இரையும், ஈரத் தரையில் நிற்பவருக்கு உயிராபத்தும்கூட. எர்த் சரிபார்க்கும் சிறிய டெஸ்டர் ஒன்றும் கசிவு மின்சாரத்தைக் கண்டால் தானே அணையும் ஆர்சிசிபி வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும் மைக் செட்டின் பாகமாகவே கணக்கில் வர வேண்டும். இவற்றின் எடை ஒரு கிலோவைச் சுற்றித்தான்.

நானூறு பேரைத் தாண்டும் நிகழ்ச்சிக்குச் சொந்தப் பெட்டியை வைத்து மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. அன்றைக்குச் சவுண்ட் சர்வீஸிலிருந்து பேஸ் பெட்டியும் பெரிய டாப்பும் வாடகைக்கு எடுத்து, குழுவின் சொந்த மிக்சரையும் மைக்கையும் அதில் செருகிவிட்டு, சொந்தப் பெட்டி இரண்டையும் மேடையில் மானிட்டராகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பாடகர் தனக்குப் பழகிய மைக்கில் பாடுவார், தன் குரலைப் பழகிய பெட்டியில் கேட்பார். வாடகைக்காரருக்கும் பாதி வேலை மிச்சம்.

வாங்குவதற்கு முன் கடையில் கேட்பது எதற்கும் உதவாது. ஏசி அறையில், கடைக்காரர் போடும் ரெக்கார்டு பாட்டில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் மைக், உங்கள் பாடகர், உங்கள் தவில் அல்லது பேட் மூன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லுங்கள். தவிலை முழு வேகத்தில் வாசிக்கவிட்டு, பாடகரைத் தாழ்ந்த குரலில் சரணத்தைப் பாடச் சொல்லிவிட்டு, ஐம்பதடி நடந்துபோய்த் திரும்பி நில்லுங்கள். சொல் புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். புரிந்தால், திரும்பி வந்து அந்தப் பெட்டியை ஸ்டாண்டிலிருந்து தனியாளாக இறக்கிப் பாருங்கள்.